வெள்ளி அயடைட்டு நீரை உறையவைக்கும் விதம்: யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஆய்வுகூடத்துக்கான முழுமையான வழிகாட்டி

நீர் 0 பாகை செல்சியசில் உறையும் என்று எல்லா வகுப்புகளிலும் கற்பிக்கிறோம். உண்மையில் 0 பாகை என்பது பனிக்கட்டி உருகும் வெப்பநிலை; அந்த வெப்பநிலைக்குக் கீழே சென்றவுடன் நீர் உறைந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. தூசியோ வேறு திண்மத் துணிக்கையோ இல்லாத தூய நீர், மேகத்தில் மிதக்கும் துளியின் அளவில் இருக்குமானால், ஏறத்தாழ −38 பாகை வரை திரவமாகவே நிற்கக்கூடியது. இவ்வாறு உருகுநிலைக்குக் கீழும் திரவமாக நிற்கும் நீரை மீக்குளிர்ந்த நீர் என்கிறோம். அத்தகைய நீரில் மிகச் சிறிதளவு வெள்ளி அயடைட்டைச் சேர்த்தால் −4 அல்லது −5 பாகையிலேயே அது உறையத் தொடங்குகிறது. இது ஏன் நிகழ்கிறது என்பதையும், குளிர்காலமே அறியாத எங்கள் குடாநாட்டில் பனிக்கட்டியையும் உப்பையும் கொண்டு இதை எவ்வாறு கண்ணால் கண்டு அளவிடலாம் என்பதையும், உயர்தர விஞ்ஞான மாணவர்களையும் அவர்களுடைய ஆசிரியர்களையும் மனத்திற்கொண்டு இங்கே படிப்படியாக விளக்குகிறேன். பரிசோதனைக்கு விரைந்து செல்ல விரும்புபவர்களும் முதல் இரண்டு படிகளைத் தவிர்க்க வேண்டாம். அவை விளங்காமல் பின்னர் கிடைக்கும் அளவீடுகளுக்குப் பொருள் காண முடியாது.

முதலாம் படி: நீர் ஏன் உறையத் தயங்குகிறது என்பதை விளங்கிக்கொள்ளல்

0 பாகைக்குக் கீழே பனிக்கட்டியின் சக்தி நீரின் சக்தியிலும் குறைவு என்பதால், மூலக்கூறுகள் பனிக்கட்டியாக ஒழுங்குபட்டால் சக்தி இலாபம் உண்டு. ஆனால் நீருக்குள் ஒரு சிறு பனிக்கரு தோன்றும்போது, அதற்கும் சுற்றியுள்ள நீருக்கும் இடையில் புதிய மேற்பரப்பு ஒன்றும் தோன்றுகிறது. அந்த மேற்பரப்பை உருவாக்கச் சக்தி செலவாகிறது. இலாபம் கருவின் கனவளவைப் பொறுத்தது, செலவு அதன் மேற்பரப்பைப் பொறுத்தது. கரு மிகச் சிறியதாக இருக்கும்போது செலவே மேலோங்கி நிற்பதால், தற்செயலாகச் சேர்ந்த மூலக்கூறுகள் மறுகணமே கலைந்துவிடுகின்றன. ஒரு குறிப்பிட்ட ஆரையைக் கடந்த பின்னரே கரு தானாக வளரும். இதை மாறுநிலை ஆரை எனலாம்.

நீருக்கும் பனிக்கட்டிக்கும் இடையிலான மேற்பரப்புச் சக்தியைச் சதுர மீற்றருக்கு 0.03 யூல் எனவும், உறைதலின் மறைவெப்பத்தைக் கிராமுக்கு 334 யூல் எனவும் கொண்டு கணித்தால், மாறுநிலை ஆரை −1 பாகையில் சுமார் 50 நானோமீற்றர், −5 பாகையில் சுமார் 10 நானோமீற்றர், −10 பாகையில் சுமார் 5 நானோமீற்றர் என்று வரும். மாணவர்கள் இந்தக் கணிப்பைத் தாமே செய்து பார்ப்பது நல்லது. 10 நானோமீற்றர் ஆரையுள்ள பனிக்கருவொன்றில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நீர் மூலக்கூறுகள் அடங்கும். ஓயாது அசைந்துகொண்டிருக்கும் திரவத்தில் இத்தனை மூலக்கூறுகள் தற்செயலாகவே ஒரே ஒழுங்கில் அமைவது நடைமுறையில் நிகழாது. −38 பாகையை அண்மிக்கும்போது தேவையான கரு சில நூறு மூலக்கூறுகள் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அப்போதுதான் வெளியுதவி எதுவும் இல்லாமல் நீர் உறைகிறது. பனையோலைப் பாய் இழைப்பவர்களுக்கு முதல் மூலையைப் பிடிப்பதே கடினம், அது நிலைத்தபின் ஓலை தன் வழியே ஓடும். நீரிலும் தொடக்கமே தடை, வளர்ச்சி தடையல்ல.

இரண்டாம் படி: பளிங்கு செய்யும் உதவியை அறிதல்

நீருக்குள் ஒரு திண்ம மேற்பரப்பு இருந்து, பனிக்கட்டி அதன்மேல் படர விரும்புமானால், முழுக் கோளமாக ஒரு கரு தோன்ற வேண்டியதில்லை. மேற்பரப்பின்மீது தட்டையான தொப்பி போன்ற ஒரு பகுதி தோன்றினால் போதும். தொப்பியின் வளைவு ஆரை மாறாது, ஆனால் அதிலுள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைகிறது. பனிக்கட்டி அந்த மேற்பரப்போடு கொள்ளும் தொடுகைக் கோணம் 90 பாகையாயின் சக்தித் தடை பாதியாகும். 60 பாகையாயின் ஏறத்தாழ 16 சதவீதமாகும். 30 பாகையாயின் 1.3 சதவீதமே எஞ்சும். ஆகவே பனிக்கட்டியோடு நன்கு பொருந்தும் ஒரு மேற்பரப்பு கிடைத்தால், உறைதலுக்கான தடை பெயரளவுக்கே இருக்கும்.

பொருந்தும் மேற்பரப்பு எது என்ற கேள்விக்கு 1946ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரிலிருந்த ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் வின்சென்ட் ஷேஃபர் என்பவர், குளிர்ப்பெட்டி ஒன்றில் உருவாக்கிய மீக்குளிர்ந்த மூடுபனிக்குள் உலர்பனியை இட்டபோது, அது கணப்பொழுதில் பனிப்பளிங்குகளாக மாறுவதைக் கண்டார். உலர்பனி என்பது திண்மக் காபனீரொட்சைட்டு. அது சுமார் −78 பாகைக் குளிரைக் கொண்டது. எனவே அங்கே நிகழ்ந்தது வெறும் கடுங்குளிரின் விளைவு. அதே ஆய்வுகூடத்தில் பணியாற்றிய பேர்னாட் வொனெகட், குளிரை நம்பாமல் பளிங்கின் வடிவத்தை நம்பலாம் என்று எண்ணி, பனிக்கட்டியை ஒத்த சாலக அமைப்புடைய (அதாவது அணுக்கள் அதே ஒழுங்கில் அடுக்கப்பட்ட) பொருள்களை அட்டவணைகளில் தேடி வெள்ளி அயடைட்டை அடைந்தார். முதலில் எடுத்த மாதிரி அசுத்தமாக இருந்தமையால் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. தூய பொருளைக் கொண்டு மீண்டும் முயன்றபோது, அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் அது மிகத் திறமையாகச் செயற்பட்டது. தூய்மை பற்றிய இந்தச் செய்தி ஐந்தாம் படியில் எமக்கு நேரடியாகப் பயன்படும்.

பனிக்கட்டியும் பீற்றா வகை வெள்ளி அயடைட்டும் அறுகோணச் சாலகம் உடையவை. பனிக்கட்டியில் அறுகோணத் தளத்தின் அலகு நீளம் 0.452 நானோமீற்றர், செங்குத்துத் திசையில் 0.736 நானோமீற்றர், வெள்ளி அயடைட்டில் இவை முறையே 0.459, 0.751 நானோமீற்றர். வேறுபாடு ஏறத்தாழ இரண்டு சதவீதத்துக்குள் அடங்குகிறது. பனிக்கட்டியில் ஒட்சிசன் அணுக்கள் நிற்கும் இடங்களை ஒத்த இடங்களில் வெள்ளியும் அயடீனும் மாறிமாறி நிற்கின்றன. இதனால் பளிங்கின்மேல் வந்தமரும் நீர் மூலக்கூறுகள், பனிக்கட்டியின் முதற் படைக்கு வேண்டிய இடைவெளியில் அமர்கின்றன. ஐதரசன் பிணைப்புகள் பெரிதாக இழுபடாமலே அடுத்த படை அதன்மேல் எழுகிறது.

பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகின்றன. அது போதாது என்பதே என் உறுதியான கருத்து. பேரியம் புளோரைட்டின் ஒரு முகமும் பனிக்கட்டியின் சாலகத்தோடு மிக நன்றாகப் பொருந்துகிறது; ஆயினும் பனிக்கரு ஆக்குவதில் அது திறமையற்றது. மறுபுறம், கொலஸ்திரோல் போன்ற சேதனப் பளிங்குகளும், தாவர இலைகளில் வாழும் சூடோமோனாஸ் சிரிங்கே என்ற பற்றீரியாவின் புறப்புரதமும் கனியச் சாலகம் எதுவுமின்றியே இந்த வேலையைச் செய்கின்றன. அந்தப் பற்றீரியா −2 பாகையிலேயே நீரை உறையவைக்கவல்லது. வெள்ளி அயடைட்டு அதற்குப் பின்னேதான் நிற்கிறது. ஆகவே அணுக்களுக்கிடையிலான தூரம் மட்டுமன்றி, மேற்பரப்பிலுள்ள ஏற்றங்கள் நீர் மூலக்கூற்றை எப்பக்கம் திருப்பி வைக்கின்றன, அதை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கின்றன என்பவையும் முக்கியமானவை. வெள்ளி அயடைட்டின் அறுகோணத் தளம் இரு முகங்களைக் கொண்டது: ஒன்றில் வெள்ளி வெளியே தெரியும், மற்றதில் அயடீன் வெளியே தெரியும். இரண்டிலும் இடைவெளி ஒன்றே. ஆனால் கணினி ஒப்புருவாக்கங்களில் வெள்ளி தெரியும் முகத்திலேயே பனிக்கட்டி எளிதாக வளர்கிறது. அயடீன் முகத்தில் வளர்வதில்லை. சாலக ஒப்பு ஒரு துணையே, முழு விளக்கமன்று என்பதை மாணவர்களுக்கு இந்த ஒரு எடுத்துக்காட்டே போதிய அளவு உணர்த்தும்.

வெள்ளி அயடைட்டுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. அது நீரில் ஏறத்தாழக் கரைவதே இல்லை; 25 பாகையில் ஒரு லீற்றரில் கரைவது சில மைக்கிரோகிராம் மாத்திரமே. கரைந்துபோகும் பளிங்கு, எவ்வளவு பொருத்தமான வடிவமுடையதாயினும், நீருக்குள் நின்று இருக்கையாகப் பயன்படாது. அதே வேளையில் அது ஒளிக்கு இசைந்து மாறும் பொருள். கடும் வெயிலில் அதன் மேற்பரப்பு படிப்படியாகச் சிதைந்து திறன் இழக்கிறது.

மூன்றாம் படி: ஒப்பிடுவதற்கான பொருள்களைத் தெரிதல்

வெள்ளி அயடைட்டை மட்டும் சோதிப்பதால் எதையும் நிறுவ முடியாது. அதனோடு தூய நீரும், வேறு இரண்டு தூள்களும் இருக்க வேண்டும். கறுப்புச் செப்பு ஒட்சைட்டு பெரும்பாலான பாடசாலைகளில் உண்டு. இரண்டாவதாக வலிகாமத்துச் செம்மண்ணை எடுத்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன்: உலகின் மேகங்களில் இயற்கையாகப் பனிக்கருவாக உதவுவதில் பெரும்பங்கு பாலைவனங்களிலிருந்து எழும் கனியத் தூசிக்கே உரியது, 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அத்தூசியில் களிமண் கனியங்களைவிடப் பெல்ஸ்பார் என்னும் பாறைக் கனியமே முதன்மையானது என்று காட்டியது. எங்கள் மண் அந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று மாணவர்கள் தாமே அளந்து பார்ப்பது பயனுள்ள வேலை. ஈய அயடைட்டு நன்றாகச் செயற்படும் என்பது உண்மையே. ஆனால் ஈயத்தின் நச்சுத்தன்மை காரணமாக அதைப் பாடசாலையில் கையாள வேண்டாம்.

நான்காம் படி: நீர்

இப்பரிசோதனையின் வெற்றி இதில்தான் பெரிதும் தங்கியிருக்கிறது. கிணற்று நீரைப் பயன்படுத்தவே கூடாது. எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லில் தோண்டப்பட்டவை. அந்நீரில் கல்சியம் மிகுதி, கரையோரங்களில் குளோரைட்டும் மிகுதி. குளோரைட்டுள்ள நீரில், அடுத்த படியில் பயன்படுத்தும் வெள்ளி நைத்திரேற்றைக் கரைத்தால் உடனே வெண்ணிற வெள்ளிக் குளோரைட்டு வீழ்படிவாகி, வேண்டிய வெள்ளி அயடைட்டோடு கலந்துவிடும். ஆய்வுகூடத்தின் காய்ச்சி வடித்த நீர் சிறந்தது. அது கிடைக்காவிடின் வாகன பற்றரிக்கு விற்கப்படும் வடிநீரைப் பெற்று, ஒரு துளி வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை இட்டுப் பாருங்கள். கலங்கல் தோன்றாத நீரை ஏற்கலாம். மழைநீரையும் தவிர்த்துவிடுங்கள், அதில் தூசியும் நுண்ணுயிர்களும் இருக்கும். பாத்திரங்களைச் சவர்க்காரத்தால் கழுவி, அதே தூய நீரால் பலமுறை அலசி, கவிழ்த்து வைத்து உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் நுண்ணிழைகள் ஒட்டிக்கொள்ளும்.

ஐந்தாம் படி: வெள்ளி அயடைட்டைத் தயாரித்தல்

கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். வெள்ளி நைத்திரேற்று தோலில் பட்டால் நாட்கணக்கில் நீங்காத கருங்கறை உண்டாகும், கண்ணுக்கு அது மிகத் தீங்கானது. லீற்றருக்கு 0.1 மூல் செறிவுள்ள வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் 5 மில்லிலீற்றரை முகவையில் எடுத்து, அதே செறிவும் கனவளவும் உடைய பொற்றாசியம் அயடைட்டுக் கரைசலை மெதுவாகக் கலக்கியபடி சேருங்கள். வெளிர்மஞ்சள் வீழ்படிவு தோன்றும். அதன் திணிவு ஏறத்தாழ 0.12 கிராம். இந்த அளவே வகுப்பு முழுவதற்கும் தாராளமாகப் போதும். அயடைட்டை மிகையாகச் சேர்த்துவிடாதீர்கள்; மிகை அயடைட்டு வெள்ளி அயடைட்டில் ஒரு பகுதியைச் சிக்கல் அயனாக மாற்றிக் கரைத்துவிடும். மழை வருவிக்க மேகங்களில் துணிக்கைகளைத் தூவும் மேகவிதைப்பில், அசற்றோனில் இதைக் கரைத்து எரிப்பதும் இதே சிக்கல் அயனின் உதவியாலேயே.

வீழ்படிவு அடியில் தங்கிய பின் மேலுள்ள தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, புதிய தூய நீர் சேர்த்துக் கலக்கி, மீண்டும் தங்கவிடுங்கள். இதை நான்கைந்து தடவை செய்ய வேண்டும். கழுவாவிட்டால் பொற்றாசியம் நைத்திரேற்று நீரில் எஞ்சி நிற்கும். லீற்றருக்கு 0.05 மூல் நைத்திரேற்று இருந்தாலே உறைநிலை ஏறத்தாழ 0.19 பாகை தாழும். தவிரவும், கரைந்த அயன்கள் பளிங்கின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அதன் ஏற்றத்தை மாற்றும். கழுவிய வீழ்படிவைச் சுமார் 100 மில்லிலீற்றர் தூய நீரில் தொங்கலாக்கி (துணிக்கைகள் கரையாமல் பரவி நிற்கும் கலவையாக்கி), கபில நிறப் போத்தலில் அல்லது அலுமினியத் தாள் சுற்றிய போத்தலில் இருளில் வையுங்கள்.

ஆறாம் படி: குளிர்த்தொட்டி

மீன் ஏற்றும் றெஜிபோம் பெட்டி ஒன்றே சிறந்த தொட்டி. குருநகர், பாசையூர் போன்ற கரையோரங்களிலும் மீன்சந்தைகளிலும் கிடைக்கும் ஐஸ் கட்டியைச் சாக்கில் இட்டு நன்றாக நொறுக்கிக்கொள்ளுங்கள். ஆனையிறவு உப்பைப் போன்ற பருமனான உப்பாயின் அதையும் உரலில் இடித்துக்கொள்வது நல்லது. பருக்கைகள் மெதுவாகவே கரையும். பனிக்கட்டி மூன்று பங்குக்கு உப்பு ஒரு பங்கு என்ற நிறையில் கலந்தால் −15 பாகையை அண்மிக்கலாம். கோட்பாட்டு எல்லை −21 பாகை. றெஜிபோம் பெட்டியில் அந்த எல்லை வரை செல்ல முடியாது, இப்பரிசோதனைக்கு அது வேண்டியதுமில்லை.

முழு உப்பையும் ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம். முதலில் நொறுக்கிய பனிக்கட்டியும் சிறிது நீரும் மட்டும் இருக்கட்டும். பின்னர் உப்பைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கினால், வெப்பநிலை ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு பாகை என்ற வேகத்தில் இறங்கும். இந்த மெதுவான இறக்கமே அளவீட்டைச் சாத்தியமாக்குகிறது. பாடசாலை வெப்பமானிகளில் பல −10 பாகையோடு முடிந்துவிடும். −20 வரை காட்டும் இலக்கமுறை வெப்பமானியைத் தேடிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: துளிகளை இட்டு அவதானித்தல்

பெரிய பாத்திரத்து நீரில் எங்கேனும் ஒரு தூசி இருந்தே தீரும். அது ஒன்றே முழு நீரையும் உறையவைத்துவிடும். நீரைச் சிறு துளிகளாகப் பிரித்துவிட்டால், தூசியுள்ள துளி மட்டும் முந்தி உறையும், மற்றவை மீக்குளிர்ந்து நிற்கும். எனவே தட்டையான உலோகத் தட்டு ஒன்றில் வசலினை மிக மெல்லியதாகப் பூசுங்கள். வசலின் உலோகத்தின் கீறல்களை மறைப்பதோடு, ஒரு துளியில் தோன்றிய பனி அடுத்த துளிக்குப் பரவாமலும் தடுக்கிறது. வெப்பமானியின் முனையைத் தட்டோடு ஒட்டிவிடுங்கள்.

துளியிடும் குழாயால் 0.05 மில்லிலீற்றர் அளவான துளிகளை, ஒவ்வொரு வகையிலும் இருபது வீதம், வரிசையாக இடுங்கள்: தூய நீர், வெள்ளி அயடைட்டுத் தொங்கல், செப்பு ஒட்சைட்டுத் தொங்கல், செம்மண் தொங்கல். ஒவ்வொரு தொங்கலையும் இடுவதற்கு முன் குலுக்குங்கள். குழாயை வகைக்கு ஒன்றாக வைத்திருங்கள். வெள்ளி அயடைட்டைத் தொட்ட குழாய் தூய நீரில் ஒருமுறை பட்டாலும் ஒப்பீடு முழுவதும் கெட்டுவிடும்.

தட்டை உடனே ஒளி புகும் மூடியால் மூடிவிடுங்கள். எங்கள் காற்றில் ஈரப்பதன் எப்போதும் உயர்ந்தே இருக்கிறது. திறந்த தட்டில் சில நிமிடங்களில் உறைபனி படிந்து, அதுவே எல்லாத் துளிகளையும் உறையவைக்கும். பனிக்கட்டியின்மேல் பனிக்கட்டி வளர்வதற்குத் தடையே இல்லை என்பதால், வேறெந்தக் கருவும் அதற்கு ஈடாகாது. இந்த ஊரில் இப்பரிசோதனை பிழைத்துப்போவதற்கு இதுவே முதற்காரணமாக இருக்கும். மழைக்காலத்தைத் தவிர்த்து, வறண்ட நாளொன்றைத் தெரிவதும் உதவும்.

மூடிய தட்டைத் தொட்டியின்மேல் வைத்து வெப்பநிலையை மெதுவாக இறக்குங்கள். உறைந்த துளி திடீரென ஒளிபுகாத வெண்மை பெறும். தெளிந்த நீர்த்துளியிலிருந்து அதை வேறுபடுத்துவது எளிது. ஒவ்வொரு அரைப் பாகைக்கும் ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை துளிகள் உறைந்துள்ளன என்று ஒருவர் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும்.

எட்டாம் படி: அளவீடுகளை வாசித்தல்

வெப்பநிலையைக் கிடை அச்சிலும் உறைந்த துளிகளின் பின்னத்தை நிலை அச்சிலும் குறித்து வரைபு வரையுங்கள். பாதித் துளிகள் உறைந்த வெப்பநிலையே ஒவ்வொரு பொருளுக்கும் உரிய ஒப்பீட்டு எண். வெள்ளி அயடைட்டின் வரைபு ஏனையவற்றை முந்தி, −4 பாகைக்கும் −8 பாகைக்கும் இடையில் ஏறி முடிவதை எதிர்பார்க்கலாம். தூய நீர்த் துளிகளில் பல −10 பாகைக்குக் கீழும் திரவமாக நிற்கும். அவை −5 பாகையிலேயே உறைந்தால், நீரிலோ தட்டிலோ மாசு உண்டு என்று கொண்டு நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

ஒரே வகைத் துளிகள் ஏன் ஒரே வெப்பநிலையில் உறைவதில்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒவ்வொரு துளியிலுமுள்ள துணிக்கைகள் அளவிலும் மேற்பரப்பின் தன்மையிலும் வேறுபடுகின்றன; மிகத் திறமையான ஒரே ஒரு இடமே அத்துளியின் உறைவைத் தீர்மானிக்கிறது. தட்டைச் சூடாக்கி உருகவிட்டு மீண்டும் குளிர்த்தினால், முன்னர் முந்தி உறைந்த துளியே பெரும்பாலும் மறுபடியும் முந்தி உறையும். இதைச் செய்து பார்க்காமல் விடாதீர்கள். தற்செயலுக்கும் இடத்தின் தன்மைக்கும் உள்ள பங்கைப் பிரித்தறிய இதைவிட எளிய வழி இல்லை. வெள்ளி அயடைட்டுத் தொங்கலைப் பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்த்துச் சோதித்தால் வரைபு குளிர்ப்பக்கமாக நகர்வதையும் காணலாம்: துணிக்கைகள் குறையும்போது, திறமையான இடம் ஒன்று துளிக்குள் அமையும் வாய்ப்பும் குறைகிறது.

வகுப்புக்குக் காட்டுவதற்கு மட்டும் எனில், சோதனைக்குழாயொன்றில் 5 மில்லிலீற்றர் தூய நீரை −6 பாகை வரை அசைக்காமல் குளிர்த்தி, ஒரு துளி வெள்ளி அயடைட்டுத் தொங்கலைச் சேருங்கள். ஊசிகள் போல் பனி பரவ, வெப்பமானி 0 பாகையை நோக்கித் தாவும். உறைதலால் வெளிவரும் மறைவெப்பமே அதற்குக் காரணம். 4.2 யூலை 6ஆல் பெருக்கி 334ஆல் வகுத்தால், அக்கணத்தில் நீரில் சுமார் 7.5 சதவீதமே உறைய முடியும் என்று வருகிறது. எஞ்சியது தொட்டி வெப்பத்தை இழுத்தெடுக்கும் வேகத்திலேயே உறையும்.

மேகங்களில் இதே செயல்

−10 பாகையில் மீக்குளிர்ந்த நீரின் மேலுள்ள நிரம்பலாவி அமுக்கம் சுமார் 286 பஸ்கால். பனிக்கட்டியின் மேல் சுமார் 260 பஸ்கால். எனவே மேகத்தில் ஒரு பனிப்பளிங்கு தோன்றினால், சுற்றியுள்ள துளிகள் ஆவியாகி அதன்மேல் படிந்து அதை வளர்க்கும். அது கனத்து விழும் வழியில் உருகி மழையாகும். வெள்ளி அயடைட்டை விதைப்பதன் நோக்கம் இந்தப் பளிங்குகளைத் தொடக்கிவைப்பதே. அதற்கு மீக்குளிர்ந்த நீர் மேகத்தில் முன்னரே இருக்க வேண்டும். எங்கள் வானில் 0 பாகை மட்டம் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேல் எழாத மேகத்தில் வெள்ளி அயடைட்டால் பயன் எதுவும் இல்லை. அத்தகைய இளஞ்சூட்டு மேகங்களுக்கு நீரை உறிஞ்சும் உப்புத் துணிக்கைகளைத் தூவுவதே வழி. வாடைக்காற்று பிந்தும் ஆண்டுகளில் செயற்கை மழை பற்றிய பேச்சு எழும்போது, மேகமே இல்லாத வானிலிருந்து எந்தப் பளிங்காலும் மழையை வரவழைக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இறுதிப் படி: கழிவு

வெள்ளி கலந்த எதையும் கழுவும் தொட்டியிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். வெள்ளி அயடைட்டு கரையாது என்றாலும், முதற் கழுவல் நீரில் வெள்ளி அயன்கள் எஞ்சியிருக்கலாம். நீர்வாழ் உயிர்களுக்கு அவை நஞ்சு. வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த எங்கள் சுண்ணக்கல்லில் நிலத்தில் ஊற்றியது விரைவாகக் கிணற்றை அடையும். எல்லாக் கழுவல்களையும் ஒரு கபிலப் போத்தலில் சேர்த்து, சிறிது கறியுப்புக் கரைசல் இட்டு எஞ்சிய வெள்ளியை வீழ்படிவாக்குங்கள். தெளிந்த நீரை இறுத்தபின் எஞ்சும் திண்மத்தை, பெயரும் திகதியும் எழுதிய போத்தலில் ஆய்வுகூடப் பொறுப்பாசிரியரிடம் ஒப்படையுங்கள்.